'ரெண்டு பேரும் வரல' என்பதற்கு ஆங்கிலம் என்ன? போத், ஐதர், நைதர், ஆல், எனி, நன் பற்றி ஒரு விரிவான பதில்

கேள்வி இதுதான்: "'என் அண்ணன்கள் இரண்டு பேரும் வேலைக்குப் போகவில்லை' என்பதை 'போத் ஆஃப் மை பிரதர்ஸ் ஆர் நாட் ஒர்க்கிங்' என்று எழுதினேன். தவறு என்று திருத்திவிட்டார்கள். போத் என்றால் இரண்டும், நாட் என்றால் இல்லை. அப்புறம் என்ன தவறு? போத், ஐதர், நைதர், ஆல், எனி, நன் இதில் எதை எங்கே போடுவது?"

முதலில் நேரடியான பதில். அங்கே வர வேண்டியது நைதர். 'நைதர் ஆஃப் மை பிரதர்ஸ் இஸ் ஒர்க்கிங்.' நீங்கள் எழுதியதைப் படித்தால் ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவருக்கு ஒன்றுமே புரியாது என்றில்லை, ஆனால் ஒரு நிமிடம் நின்று 'ரெண்டு பேருமே போகலையா, இல்லை ஒருத்தர் மட்டும் போகிறாரா' என்று யோசிப்பார். அந்த யோசனைக்கு இடம் கொடுக்கக் கூடாது என்பதற்காகத்தான் திருத்தியிருப்பார்கள்.

இந்தத் தவறு நமக்கு ஏன் இவ்வளவு இயல்பாக வருகிறது என்பதைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் போய்விடும். தமிழில் 'இல்லை' கடைசியில்தான் வரும். 'ரெண்டு பேரும்' என்று ஆரம்பிக்கும்போது வந்தார்களா வரவில்லையா என்று கேட்கிறவருக்குத் தெரியாது. 'ரெண்டு பேரும் வந்தாங்க', 'ரெண்டு பேரும் வரல' இரண்டுக்கும் முன்பாதி ஒன்றேதான். அந்த 'உம்' உண்டு என்பதோடும் ஒத்துப்போகும், இல்லை என்பதோடும் ஒத்துப்போகும். இரண்டும் இல்லை, மூன்றும் இல்லை, ஒன்றும் இல்லை, யாரும் இல்லை என்று எதற்கும் அந்த ஒரே 'உம்' போதும், மிச்சத்தை வினைச்சொல் பார்த்துக்கொள்ளும்.

ஆங்கிலத்தில் அப்படி இல்லை. அங்கே யாரைப் பற்றிப் பேசுகிறோமோ அவரோடுதான் வாக்கியம் தொடங்கும், ஒருவரும் செய்யவில்லை என்றால் அந்த இல்லையையும் முதல் வார்த்தைக்குள்ளேயே வைத்துவிடுவார்கள். வார்த்தைகளைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தாலே தெரியும். ஐதர் முன்னால் ஒரு 'ந்' ஒட்டினால் நைதர். எவர் முன்னால் ஒட்டினால் நெவர். நன் என்பதும் அதே மாதிரி, பழைய ஆங்கிலத்தில் 'இல்லை' என்ற சொல்லும் 'ஒன்று' என்ற சொல்லும் சேர்ந்து பிறந்ததுதான். ஆகவே நாம் கடைசியில் சொல்லும் 'இல்லை'யை அவர்கள் வாயைத் திறக்கும்போதே சொல்லிவிடுகிறார்கள். தமிழில் யோசித்துக்கொண்டே ஆங்கிலம் பேசுகிறவர் முதலில் 'போத்' என்று சொல்லிவிட்டு, வினைக்கு வரும்போது 'நாட்' சேர்ப்பார். நீங்கள் செய்தது அதுதான்.

இது வெறும் இலக்கணச் சுத்தம் சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை. நான் திருப்பூரில் பல வருடம் ஏற்றுமதி கம்பெனிகளில் மெர்சண்டைசராக (ஆர்டரைக் கவனித்துக்கொள்பவராக) இருந்து, சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர்களுக்குத் தினமும் மெயில் எழுதியவன். ஒருமுறை சாயப்பட்டறையிலிருந்து இரண்டு லேப் டிப் வந்தது. தெரியாதவர்களுக்கு: பையர் கேட்ட நிறத்தில் முதலில் சின்னத் துணித் துண்டுகளுக்குச் சாயம் ஏற்றிக் காட்டுவார்கள், அவர் சரி என்ற பிறகுதான் மொத்தத் துணியும் சாயத்துக்குப் போகும். உள்ளங்கை அளவு இரண்டு துண்டுகள், அட்டையில் பின் அடித்து, ஏ, பி என்று பேனாவால் எழுதியிருந்தது. லைட் பாக்ஸில், அதாவது நிறத்தை ஒப்பிட்டுப் பார்க்கும் விளக்குப் பெட்டியில், பையர் கொடுத்த ஒரிஜினல் துண்டோடு வைத்துப் பார்த்தோம். ஏ கொஞ்சம் சிவப்பு அடித்தது, பி மஞ்சள் அடித்தது. இரண்டும் ஆகாது, திருப்பிச் செய்யச் சொல்ல வேண்டும். புதிதாகச் சேர்ந்திருந்த தம்பி ஒருவர் பையருக்கு மெயில் போட்டார்: 'போத் ஷேட்ஸ் ஆர் நாட் மேட்ச்சிங்.' மறுநாள் காலையில் பதில் வந்தது: 'எது மேட்ச் ஆகிறது? அதையே வைத்துத் தொடருங்கள்.'

அந்தத் தம்பிக்கு முகமே மாறிவிட்டது. அவர் எழுதிய நாலைந்து வார்த்தைகளுக்கு மூன்று அர்த்தம் இருந்தது. இரண்டுமே சேரவில்லை என்பது ஒன்று, அவர் நினைத்தது அது. இரண்டும் சேரவில்லை, ஒன்றுதான் சேர்கிறது என்பது இன்னொன்று, பையர் எடுத்துக்கொண்டது அது. ஏ-யும் பி-யும் ஒன்றோடொன்று சேரவில்லை என்பது மூன்றாவது. 'நைதர் ஷேட் மேட்ச்சஸ்' என்று மூன்றே வார்த்தையில் எழுதியிருந்தால் ஒரு நாள் மிச்சமாகியிருக்கும்.

சரி, இப்போது நீங்கள் கேட்ட ஆறு சொற்கள். ஆங்கிலத்தில் இரண்டு என்பது தனி ஜாதி, மூன்றும் அதற்கு மேலும் இன்னொரு ஜாதி. இரண்டு என்றால்: இரண்டும் என்பதற்கு போத், இரண்டில் ஏதாவது ஒன்று என்பதற்கு ஐதர், இரண்டும் இல்லை என்பதற்கு நைதர். மூன்று முதல் மேலே எவ்வளவு போனாலும் அதே வரிசையில் ஆல், எனி, நன். அவ்வளவுதான். பெற்றோர் என்றால் இரண்டு பேர், ஆகவே 'போத் மை பேரன்ட்ஸ்', 'நைதர் ஆஃப் மை பேரன்ட்ஸ்'. 'ஆல் மை பேரன்ட்ஸ்' என்றோ 'நன் ஆஃப் மை பேரன்ட்ஸ்' என்றோ சொன்னால் மூன்று பேர் இருக்கிற மாதிரி ஆகிவிடும். கைகள், கண்கள், சாலையின் ஓரங்கள், கிரிக்கெட் மேட்ச்சின் டீம்கள் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். 'ஆல் த்ரீ', 'ஆல் ஃபோர்' என்று சொல்லலாம், 'ஆல் டூ' என்று யாரும் சொல்வதில்லை, அந்த இடத்தை போத் பிடித்துக்கொண்டது.

இரண்டுக்கு மட்டும் ஏன் இந்தத் தனி மரியாதை? பழைய ஆங்கிலத்தில் ஒருமை, பன்மை போக இருமை என்று ஒன்று பிரதிப்பெயர்களில் இருந்தது. 'நாம் இருவர்' என்பதற்கு 'விட்' என்று தனிச் சொல், 'நீங்கள் இருவர்' என்பதற்கு 'யிட்' என்று தனிச் சொல். 13ஆம் நூற்றாண்டுவாக்கில் இவை வழக்கொழிந்தன. சமஸ்கிருதம் படித்தவர்களுக்கு ஏகவசனம், த்விவசனம், பஹுவசனம் ஞாபகம் வரும், ஆங்கிலமும் சமஸ்கிருதமும் ஒரே மொழிக்குடும்பம். தமிழில் ஒருமையும் பன்மையும்தான், இருமை கிடையாது, அதனால்தான் இந்த வித்தியாசம் நம் காதில் விழுவதே இல்லை. ஆங்கிலத்தில் இருமை போனாலும் அதன் தடம் இந்தச் சொற்களில் மிச்சமிருக்கிறது. 'வெதர்' என்ற சொல்லுக்கு (வானிலை அல்ல, 'வருவாரா மாட்டாரா' என்னும் இடத்தில் வரும் வெதர்) ஒரு காலத்தில் 'இரண்டில் எது' என்று அர்த்தம். 1611இல் வந்த கிங் ஜேம்ஸ் பைபிளில்கூட 'இருவரில் யார்' என்று கேட்கும் இடத்தில் வெதர் வருகிறது. ஐதர், நைதர் இரண்டுக்குள்ளும் ஒளிந்திருப்பது அதே வெதர்தான். சமஸ்கிருதத்தில் இதற்கு உறவான சொல் 'கதர', அதற்கும் இரண்டில் எது என்றே பொருள், பலவற்றில் எது என்றால் 'கதம'. அந்த 'தர' என்ற விகுதியைத்தான் நாம் 'இதர செலவுகள்' என்று எழுதும்போது தெரியாமலே பயன்படுத்துகிறோம். இதைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

ஐதர் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது இரண்டு முகம் உள்ள சொல். 'யூ கேன் டேக் ஐதர் பஸ்' என்றால் இரண்டு பஸ்ஸில் எதில் வேண்டுமானாலும் ஏறலாம், ஒன்று போதும். ஆனால் 'தேர் ஆர் ட்ரீஸ் ஆன் ஐதர் சைட் ஆஃப் தி ரோட்' என்றால் சாலையின் ஒரு பக்கம் மட்டும் மரம் என்று அர்த்தம் இல்லை, இரு பக்கமும் மரம். பழைய காலத்தில் ஐதர் என்பதன் மூல அர்த்தமே 'இரண்டில் ஒவ்வொன்றும்' என்பதுதான், 'ஏதோ ஒன்று' என்பது பின்னால் வந்து சேர்ந்தது. சைட், எண்ட், ஹேண்ட் மாதிரிச் சொற்களோடு அந்தப் பழைய அர்த்தம் இன்னும் உயிரோடு இருக்கிறது. உச்சரிப்பு ஐதரா ஈதரா என்று கேட்பவர்களுக்கு: இரண்டும் சரி, வாய்க்கு வருவதைச் சொல்லுங்கள்.

இப்போது முக்கியமான ஒரு இடம். 'நாட்' முன்னால் வந்து ஐதர் பின்னால் வந்தால் அது நைதருக்குச் சமம். 'ஐ டிட் நாட் சீ ஐதர் ஆஃப் தெம்' என்றால் 'நான் இரண்டு பேரையும் பார்க்கவில்லை', ஒருவரைக்கூடப் பார்க்கவில்லை. அதே மாதிரி 'ஐ டிட் நாட் சீ எனி ஆஃப் தெம்' என்றால் மூன்றோ அதற்கு மேலோ இருந்தவர்களில் யாரையும் பார்க்கவில்லை. இது நமக்கு வசதியாக இருக்கும், ஏனென்றால் நைதரைத் தேடாமலே பேசிவிடலாம். ஆனால் ஒரு நிபந்தனை: 'நாட்' கண்டிப்பாக முன்னால் இருக்க வேண்டும். ஐதரையோ எனியையோ வாக்கியத்தின் தலையில் வைத்துவிட்டுப் பின்னால் நாட் போட்டால் உடைந்துவிடும். 'யாரும் வரவில்லை' என்பதை 'எனிபடி டிட் நாட் கம்' என்று நம் ஊரில் தினமும் கேட்கிறேன். அது ஆங்கிலமே இல்லை. 'நோபடி கேம்' என்றுதான் சொல்ல வேண்டும். 'ஐதர் ஆஃப் தெம் டிட் நாட் கம்' என்பதும் அதே வகைத் தவறு, 'நைதர் ஆஃப் தெம் கேம்' என்பதே சரி. நைதர், நன், நோபடி வந்துவிட்டால் வினையோடு மறுபடி நாட் சேர்க்கக் கூடாது என்பதையும் கவனியுங்கள், இல்லை என்பதை ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது.

'நானும் போகல' என்பதும் இதே குடும்பம். ஒருவர் 'நான் அந்தக் கல்யாணத்துக்குப் போகவில்லை' என்கிறார், நாம் 'நானும்தான்' என்கிறோம். நம் ஆட்கள் 'மீ டூ' என்றோ 'ஐ ஆல்சோ டிட் நாட் கோ' என்றோ சொல்வார்கள். இல்லை என்பதை ஆமோதிக்கும்போது டூ, ஆல்சோ இரண்டும் பொருந்தாது. 'மீ நைதர்', கொஞ்சம் முறையாக என்றால் 'நைதர் டிட் ஐ' அல்லது 'ஐ டிட் நாட் ஐதர்'. 'நானும்' என்பதில் உள்ள 'உம்' எங்கெல்லாம் இப்படி இல்லையோடு சேர்கிறதோ அங்கெல்லாம் ஐதர், நைதர் வந்து நிற்கும் என்று ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆல், நாட் இரண்டும் ஒரே வாக்கியத்தில் வரும்போதும் ஜாக்கிரதை வேண்டும். 'மின்னுவதெல்லாம் பொன்னல்ல' என்கிறோம். எதுவுமே பொன் இல்லை என்றா அர்த்தம்? மின்னுவதில் சிலது பொன், சிலது இல்லை என்றுதான் எல்லோருக்கும் புரிகிறது. ஆங்கிலப் பழமொழியும் அதே அமைப்பில்தான் இருக்கிறது, 'ஆல் தட் க்ளிட்டர்ஸ் இஸ் நாட் கோல்ட்'. பழமொழி என்பதால் புரிகிறது. அதே அமைப்பில் 'ஆல் ஸ்டூடன்ட்ஸ் டிட் நாட் பாஸ்' என்று எழுதினால் எல்லோரும் ஃபெயிலா, சிலர் மட்டும் ஃபெயிலா என்று தெரியாது. சிலர் ஃபெயில் என்றால் 'நாட் ஆல் தி ஸ்டூடன்ட்ஸ் பாஸ்ட்', ஒருவரும் பாஸ் இல்லை என்றால் 'நன் ஆஃப் தி ஸ்டூடன்ட்ஸ் பாஸ்ட்'. இங்கேயும் நாட்டை முன்னால் தள்ளுவதுதான் வழி. தமிழிலும் 'எல்லோரும் வரவில்லை' என்பதில் இதே சந்தேகம் உண்டு, அதனால்தான் ஒருவரும் வராதபோது நாம் 'யாரும் வரவில்லை', 'ஒருத்தரும் வரல' என்று மாற்றிக்கொள்கிறோம். ஆக இந்த வித்தியாசம் நமக்குத் தெரியாதது இல்லை.

அடுத்து ஈச், எவ்ரி. நீங்கள் கேட்கவில்லை, ஆனால் இதைச் சொல்லாமல் விட்டால் பதில் அரைகுறையாகிவிடும். இரண்டுக்கும் தமிழில் 'ஒவ்வொரு'தான். ஈச் இரண்டுக்கும் வரும், அதற்கு மேலும் வரும். எவ்ரி மூன்றிலிருந்துதான் தொடங்கும். இரண்டு கையிலும் ஒவ்வொரு பை என்றால் 'அ பேக் இன் ஈச் ஹேண்ட்', எவ்ரி அங்கே வராது. ஒவ்வொன்றாகத் தனித்தனியே எடுத்துப் பார்த்தால் ஈச், மொத்தக் கூட்டத்தில் ஒன்றுவிடாமல் என்றால் எவ்ரி. அதனால்தான் 'கிட்டத்தட்ட' என்பது எவ்ரியோடு சேரும், 'ஆல்மோஸ்ட் எவ்ரி ஹவுஸ்' என்கிறோம், 'ஆல்மோஸ்ட் ஈச் ஹவுஸ்' என்று வராது.

ஈச்சுக்கு இன்னொரு வேலை உண்டு, நமக்கு ரொம்பப் பயன்படும். கடையில் 'ரெண்டும் நூறு ரூபா' என்கிறார்கள். சேர்த்து நூறா, ஒன்று நூறா? உடனே நாம் 'ஒண்ணு நூறா, ரெண்டும் சேர்த்தா?' என்று கேட்போம். ஆங்கிலத்தில் 'போத் காஸ்ட் அ ஹண்ட்ரட் ருபீஸ்' என்றாலும் இந்தச் சந்தேகம் வரலாம். கடைசியில் ஈச் போட்டால் ஒன்று நூறு, டுகெதர் போட்டால் சேர்த்து நூறு. நம்முடைய 'ஆளுக்கு ரெண்டு இட்லி'யில் இருக்கும் 'ஆளுக்கு' என்பதற்கு இந்த ஈச்சைவிடப் பொருத்தமான சொல் இல்லை: 'தி பாய்ஸ் காட் டூ இட்லிஸ் ஈச்.' ஈச் வாக்கியத்தின் முதலிலும் நிற்கும், நடுவிலும் நிற்கும், கடைசியிலும் நிற்கும். எவ்ரியால் அப்படி நகர முடியாது, எப்போதும் பெயர்ச்சொல்லுக்கு முன்னாலேயே நிற்க வேண்டும். 'எவ்ரி ஆஃப் தெம்' என்பதும் கிடையாது, 'எவ்ரி ஒன் ஆஃப் தெம்' என்று நடுவில் ஒரு ஒன் வேண்டும். ஒருநாள் விட்டு ஒருநாள் என்பதற்கு 'எவ்ரி அதர் டே', டாக்டர் மருந்துச் சீட்டில் இப்படி எழுதியிருந்தால் தினமும் போட்டுவிடாதீர்கள்.

'மை போத் ஹேண்ட்ஸ்' என்பது நம் ஊர் ஆங்கிலத்தில் இன்னொரு நிரந்தரத் தவறு. 'என் இரண்டு கைகளும்' என்ற வரிசையை அப்படியே வைத்தால் வருவது. போத், ஆல் இரண்டும் 'மை', 'தி', 'தீஸ்' எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்கும்: 'போத் மை ஹேண்ட்ஸ்', 'ஆல் மை ஃப்ரெண்ட்ஸ்'. ஐதர், நைதர் என்றால் அவற்றுக்கும் 'மை'க்கும் நடுவில் ஆஃப் வேண்டும், 'நைதர் ஆஃப் மை ஹேண்ட்ஸ்'. ஆஃப் இல்லாமல் என்றால் நேராக ஒருமைப் பெயர், 'நைதர் ஹேண்ட்'.

வினை ஒருமையா பன்மையா என்று எல்லோரும் அடித்துக்கொள்கிறார்கள். போத்துக்குப் பன்மை. பெயர்ச்சொல்லுக்கு முன்னால் ஈச், எவ்ரி வந்தால் ஒருமை. 'ஐதர் ஆஃப்', 'நைதர் ஆஃப்' இவற்றுக்குப் பரீட்சையிலும் முறையான எழுத்திலும் ஒருமை போடுங்கள், பேச்சில் 'நைதர் ஆஃப் தெம் ஆர்' என்று அவர்களே தாராளமாகச் சொல்கிறார்கள். நன் எப்போதும் ஒருமைதான் என்று சிலர் பிடிவாதம் பிடிப்பார்கள், அது சரியில்லை, 'நன் ஆஃப் தெம் இஸ்', 'நன் ஆஃப் தெம் ஆர்' இரண்டும் பல நூற்றாண்டாக நல்ல எழுத்திலேயே இருக்கிறது. ஐதர்-ஆர், நைதர்-நார் என்று ஜோடியாக வரும்போது வினைக்குப் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து வினையைப் போடுங்கள்: 'நைதர் மை மதர் நார் மை சிஸ்டர்ஸ் ஆர் அட் ஹோம்.' இந்த ஜோடியில் இரண்டு பேர்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை, மூன்று பெயரை அடுக்கினாலும் ஒப்புக்கொள்வார்கள். 'நைதர் ஆஃப்' என்று வந்தால்தான் கண்டிப்பாக இரண்டு.

பிட்வீன் இரண்டுக்கு, அமங் பலருக்கு என்பது பொதுவாகச் சரி, ஆனால் மூன்று நாடுகளுக்கு இடையே ஒப்பந்தம் என்றால் பிட்வீன்தான் நன்றாக இருக்கும். ஈச் அதர் இரண்டு பேருக்கு, ஒன் அனதர் பலருக்கு என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்தது பழைய புத்தக விதி, நல்ல எழுத்தாளர்கள் இரண்டையும் மாற்றி மாற்றித்தான் எழுதுகிறார்கள். அதற்காக மார்க் குறைப்பவரிடம் மட்டும் அந்த விதியைப் பின்பற்றுங்கள்.

கடைசியாக உங்கள் வாக்கியத்துக்கு வருவோம், அதில் இன்னொரு முடிச்சும் இருக்கிறது. 'வேலைக்குப் போகவில்லை' என்றால் இன்றைக்கு லீவு என்றும் இருக்கலாம், வேலையே இல்லாமல் வீட்டில் இருக்கிறார்கள் என்றும் இருக்கலாம். இன்றைக்கு மட்டும் என்றால் 'நைதர் ஆஃப் மை பிரதர்ஸ் வென்ட் டு ஒர்க் டுடே'. வேலையே இல்லை என்றால் 'நைதர் ஆஃப் மை பிரதர்ஸ் ஹேஸ் அ ஜாப்'. ஒருவர் போகிறார், ஒருவர் போகவில்லை என்றால் 'ஒன்லி ஒன் ஆஃப் மை பிரதர்ஸ் ஒர்க்ஸ்'. அண்ணன்மார் மூன்று பேர் என்றால் நைதரை எடுத்துவிட்டு நன் போட்டுக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் அப்படியே இருக்கட்டும்.